முதல் நாளே நிலத்துக்குப் போங்கள்

ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, பாழ்பட்ட நிலத்தை மீண்டும் வளமாக்கும் வேலை பார்க்கும் குழு, சில நாள் நேரில் கூடப் போகிறதா? முதல் நாள் காலையை அறைக்குள் கழிக்காதீர்கள். வரைபடம் போடுபவர், கணக்குப் பார்ப்பவர், நிதி கேட்டு எழுதுபவர் எல்லோரும் நிலத்துக்குப் போகட்டும்.

அங்கே சும்மா சுற்றிப் பார்த்தால் சுற்றுலாவாகிவிடும். கையில் ஒரு வேலை கொடுங்கள். 15 செ.மீ. விட்டமுள்ள குழாய்த் துண்டை மண்ணில் பாதிவரை அடித்து இறக்கி, உள்ளே சுமார் 440 மி.லி. தண்ணீர் ஊற்ற வேண்டும். 2.5 செ.மீ. மழைக்கு அது சமம். முதல் தடவை ஊற்றுவது மண்ணை நனைக்க மட்டும். அது இறங்கியதும் அதே அளவு இன்னொரு தடவை ஊற்றி, முழுதாக உறிஞ்ச எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். செடிகொடி தழைத்த இடத்தில் ஒரு சோதனை, இறுகிப்போன வெற்றுத்தரையில் ஒன்று; இரண்டு நேரத்தையும் ஒப்பிடுங்கள். செயற்கைக்கோள் படத்தை மாதக்கணக்கில் பார்த்தவருக்கும் இது புதிதாக இருக்கும்.

அப்புறம், களத்தில் இருப்பவரோடு கணினி முன் இருப்பவரை ஜோடி சேர்த்துவிடுங்கள். அந்த நிலத்தில் பயிர் செய்பவர்களோ மேய்ப்பவர்களோ வந்தால் அவர்கள் பேசட்டும். குழுத் தலைவர் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வது நல்லது. நடக்கச் சிரமப்படுபவர் இருந்தால் வண்டி போகும் இடத்திலேயே சோதனையை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டுத் திட்டமெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு. வழக்கமான வேலை அறிக்கைகள் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும், அதற்காக யாரும் விமானம் ஏறி வர வேண்டியதில்லை.