சொந்தச் சீட்டுக்கட்டு: போக்கர் மேசையில் முதுகு காட்டிக்கொடுக்கும்

முன்பக்கம் கொழுந்துக் கூடையோடு ராணி, பின்பக்கம் முழுக்கத் தேயிலை மலை. மலையகத்தில் சொந்தமாகச் சீட்டுக்கட்டு வரைய உட்காருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். பார்க்க அழகு, ஆனால் போக்கருக்கு உதவாது. 63 × 88 மி.மீ. அளவு, வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. கூடுதல் நிறம் போன்றவை அச்சகம் தரும் மாதிரிக் கோப்பிலேயே இருக்கும். அவற்றை இங்கே விட்டுவிடலாம். கீழே தலைப்பாக வரும் ஒவ்வொன்றும் ஒரு பிழை.

பின்பக்கத்தில் காட்சி வரைவது

நம் ஊரில் பலருக்குச் சீட்டு என்றால் முந்நூற்றுநாலு ஆட்டம். அதில் கவிழ்ந்து கிடப்பது துரும்பு. மற்றச் சீட்டுகளைக் கையில் விரித்துக்கொண்டு முகத்தைத்தான் பார்க்கிறோம். டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் கவிழ்ந்தே கிடக்கும். எதிரே இருப்பவர் ஆட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அவற்றின் முதுகை.

தேயிலை மலைக்கு மேலே வானம், கீழே செடி. கலைக்கும் முன் நாலு ஏஸையும் மட்டும் தலைகீழாக வைத்துவிட்டால், அவை யாரிடம் போனாலும் தெரியும். இதைச் சொன்னதும் படத்தைப் பாதியாக்கி, கீழே அதன் கண்ணாடிப் பிம்பத்தை ஒட்டிக்கொண்டு வருவார்கள். அதுவும் பிழைதான். மேலும் கீழும் இடப்பக்கம் நிற்கும் மரம், சீட்டைத் திருப்பினால் வலப்பக்கம் வந்துவிடும். தேவை 180 பாகை சுழற்சி. கிம்ப்பிலோ ஃபோட்டோஷாப்பிலோ பின்பக்கப் படத்தின் நகலை மேலடுக்கில் வைத்து 180 பாகை சுழற்றி, 'டிஃபரன்ஸ்' முறைக்கு மாற்றுங்கள். முழுதும் கறுப்பாக வர வேண்டும். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே படம் ஒத்துப்போகவில்லை.

இதைச் சரிசெய்தவர்களும் கட்டைக் கெடுத்துக்கொள்வது ஓரத்தில். டைமன் கட்டங்களை விளிம்புவரை ஓடவிட்டால், வெட்டும்போது அரை மி.மீ. நகர்ந்தாலே ஒரு பக்கம் முழுக் கட்டம், எதிர்ப்பக்கம் பாதிக் கட்டம். 2012இல் லண்டன் குரொக்ஃபோர்ட்ஸ் கசினோவில் போக்கர் ஆட்டக்காரர் பில் ஐவியும் அவர் துணையும் புன்டோ பாங்கோ என்ற சீட்டாட்டம் ஆடி ஏறத்தாழ 77 இலட்சம் பவுண் வென்றது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். ஐவி சீட்டைத் தொடவில்லை. முக்கியமான சீட்டுகளை சீட்டுப் பகிரும் டீலரைக் கொண்டே திருப்பி வைக்கச் செய்தார்கள். கசினோ பணத்தைக் கொடுக்கவில்லை. அது மோசடிதான் என்று 2017இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழில்முறைச் சீட்டுக்கே இந்தக் கதி என்றால், கில்லட்டின் வெட்டுப்பொறியில் அடுக்கி வெட்டும் சின்ன அச்சகத்துச் சீட்டை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள், 4 மி.மீ.க்குக் குறையாமல். 1 மி.மீ. விட்டால் அரை மி.மீ. நகர்வில் ஒரு பக்கம் 0.5, மறுபக்கம் 1.5 என்று மூன்று மடங்கு வித்தியாசம் வந்துவிடும். அதே நகர்வு 4 மி.மீ. ஓரத்தில் 3.5க்கும் 4.5க்கும் இடையேதான், கண்ணில் அடிக்காது. இன்னொன்று: கடும்பச்சையை விளிம்புவரை பூசினால், மை உரிந்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டாகி அந்தச் சீட்டுக்கு அடையாளமாகிவிடும்.

மொத்தமாக அடிக்கக் கொடுக்குமுன் ஒரு மாதிரிக் கட்டு வாங்குங்கள். பாதிச் சீட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கலைத்து, கவிழ்த்து விரித்து, படத்தை முன்பு பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, திருப்பியதையும் திருப்பாததையும் பிரிக்கச் சொல்லுங்கள். அவரால் பிரிக்க முடிந்தால் வடிவமைப்பைத் திருத்தாமல் அச்சுக்குப் போகாதீர்கள்.

மூலை எண்ணை உள்ளே தள்ளுவது

போக்கரில் சீட்டைத் தூக்கிப் பார்ப்பதில்லை. கட்டைவிரலால் மூலையை மட்டும் நெம்பிப் பார்ப்பார்கள். பூவேலைச் சட்டம் போட்டு எண்ணை உள்ளே தள்ளினால் பாதிச் சீட்டைத் தூக்க வேண்டிவரும், பக்கத்தில் இருப்பவரும் பார்த்துவிடுவார். முன்பக்கத்துக்குச் சட்டமே வேண்டாம். எண் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே, நேர் கீழே சின்னம், எதிரெதிர் மூலை இரண்டிலும். நடுவில் விரிக்கும் ஐந்து பொதுச் சீட்டையும் மேசையின் அந்தக் கோடியில் இருப்பவர் படிக்க வேண்டும் என்பதால் எண்ணின் உயரம் 10 மி.மீ. இருக்கட்டும்.

மூலையில் தமிழ் எழுத்து

ராஜாவுக்கும் 'ரா', ராணிக்கும் 'ரா'. ஜே, கியூ, கே எழுத்துகளையே வையுங்கள். தமிழ்முகம் படத்தில் வரட்டும்.

ஒருபக்க லாமினேஷன்

நுவரெலியா மூடுபனியில் கடதாசி ஈரத்தை இழுக்கும். மூடாத பக்கம் உப்பும், மூடிய பக்கம் அப்படியே நிற்கும், சீட்டு வளையும். பூச்சு என்றால் இரு பக்கமும் ஒரே அளவு. ஈரம் கூடிய இடத்தில் அடிக்கடி ஆடுவதானால் பிவிசி பிளாஸ்டிக் சீட்டே மேல். கடதாசிதான் வேண்டுமென்றால் 300–310 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் கடதாசியின் எடை, கிராமில்), நடுவில் கறுப்பு அடுக்கு உள்ளதாகக் கேளுங்கள். சாதாரண மட்டையைப் பல்புக்கு நேரே பிடித்தால் முன்பக்க எண் நிழலாகத் தெரியலாம்.

ஒரே ஒரு கட்டு அடிப்பது

இரண்டு நிறத்தில் இரண்டு கட்டு வேண்டும். ஒன்றைப் பகிரும்போது மற்றதைக் கலைக்கலாம். ஒவ்வொரு நிறத்திலும் உபரிக் கட்டு ஒன்றையும் அதே ஓட்டத்தில் அடித்துவிடுங்கள். தொலைந்த சீட்டைப் பிறகு தனியாக அடித்தால் மையின் நிறம் கொஞ்சம் மாறும். மற்ற 51க்கு நடுவே அது ஒன்று மட்டும் தெரியும்.