சொந்த லைன் வீட்டைப் படமெடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுதான் லைன் வீடு. பிறந்து வளர்ந்த அந்த வீட்டைப் படமாக்க நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் வருகிறவர்கள் முதல் நாள் முழுக்க மூடுபனியையும் தேயிலைச் சரிவையும் எடுத்துத் தள்ளுகிறார்கள். டூரிஸ்ட் போனிலும் அதேதான் இருக்கிறது. அதற்குள் வீட்டில் இருப்பவர்கள் கூட்டிப் பெருக்கி, அடுப்படியில் படிந்த கரியைக்கூடத் தேய்த்துவிடுவார்கள். எதையும் நகர்த்தும் முன் ஒவ்வொரு அறையையும் ட்ரைபாட் வைத்து ஒரு நிமிடம் ஆடாமல் எடுத்துவிடுங்கள்.

பெரும்பாலான படங்கள் கெடுவது ஒலியில்தான். தகரக் கூரையில் மழை விழும்போது ஆறடி தள்ளி வைத்த போனில் பாட்டியின் குரல் தேறாது. காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சால்வைக்கு வெளியே குத்துங்கள். உள்ளே வைத்தால் கம்பளி உரசும் சத்தம்தான் கேட்கும். மழையைத் தனியாகப் பதியுங்கள். யாரும் பேசாத அறையையும் ஒரு நிமிடம் பதிந்து வையுங்கள், பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களை மறைக்க உதவும். கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு. பேட்டிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது.

"பழைய கதை ஏதாவது சொல்லுங்க பாட்டி" என்றால், "அப்பல்லாம் கஷ்டம்தான் கண்ணு" என்பதோடு முடிந்துவிடும். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த குடும்பமென்றால், டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட் இருக்கலாம். அதை விரலால் தடவிக்கொண்டே பேசுவார். கேமரா அவர் கையைக் காட்டியபடி நிற்கட்டும், முகத்துக்குப் பிறகு வரலாம். "இந்த போட்டோவில யாரு இல்ல?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றால் பத்து விநாடி பொறுங்கள், அடுத்த கேள்வியைப் போட்டு நிரப்பாதீர்கள். அவர் சொல்லும் வருஷமும் மாமா சொல்லும் வருஷமும் ஒத்துப்போகாவிட்டால் திருத்தாதீர்கள், இரண்டும் படத்தில் இருக்கட்டும்.

குளிரிலிருந்து நேரே விறகடுப்புப் பக்கம் போனால் லென்ஸில் ஆவி படியும். வெளியிலேயே கேமராவை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உள்ளே வந்து அரை மணி கழித்துத் திறங்கள். படத்தில் டியூப் லைட் மினுக்கினால் கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வையுங்கள்.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் நுணுக்க அளவு 600 டிபிஐ போதும். கல்யாண வீடியோ கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஆசைக்குக்கூட டெக்கில் (கேசட் ஓட்டும் பெட்டியில்) போடக் கூடாது. பூஞ்சை டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். டேப்பைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக்கித் தருகிறவர்களிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.