கைபேசியில் மட்டும் மறைந்துபோன குரல்

அடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திருத்திய ஒரு நேர்காணல், ஹெட்போனில் தெளிவாகக் கேட்டாலும், ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட என் கைபேசியில் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தேய்ந்து ஒலித்தது. நான் பின்னர் சேர்த்த தம்புரா ஒலிக்கோ ஒரு குறையும் இல்லை. உச்ச ஒலியளவைச் சரிசெய்ய நார்மலைஸ் செய்தேன், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸரையும் சுருதி வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரையும் மாற்றி மாற்றிப் போட்டேன், எம்பி3 கோப்பின் தரத்தை 128 கேபிபிஎஸ்ஸிலிருந்து (நொடிக்கு இத்தனை கிலோபிட்) 320க்கு உயர்த்தினேன். மூன்று நாள்கள் வீணாயின.

தம்புரா தப்பித்ததை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். ஹெட்போனில் குரல் நடுவில் நிற்காமல் தலைக்கு வெளியே பரவிக் கேட்டதையும் நான் பொருட்படுத்தவில்லை. அலைவடிவத்தை மிகப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இடச்சேனல் மேலேறும் இடத்திலெல்லாம் வலச்சேனல் அதே அளவுக்குக் கீழிறங்கியது. மைக் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியின் பேலன்ஸ்டு அவுட்புட்டை ரெக்கார்டரின் 3.5 மி.மீ. ஸ்டீரியோ உள்ளீட்டில் நேராகச் செருகியிருந்தேன். அத்தகைய இணைப்பில் ஒரே ஒலி ஒரு கம்பியில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் செல்வதால், ரெக்கார்டர் அவற்றை இடம், வலம் எனப் பதிந்துகொண்டது. கைபேசி இரண்டையும் கூட்டியபோது அவை ஒன்றையொன்று அழித்துக்கொண்டன.

ட்ராக் மெனுவில் ஸ்டீரியோவை இரு மோனோ (ஒற்றைச் சேனல்) ட்ராக்குகளாகப் பிரித்து, வலப்பக்கத்துக்கு மட்டும் அலையைத் தலைகீழாக்கும் 'இன்வர்ட்' எஃபெக்ட் கொடுத்து, உச்சம் வெட்டுப்படாதிருக்க இரண்டையும் 6 டெசிபல் குறைத்த பின் ஒன்றாகக் கலந்தேன். கைபேசியில் குரல் முழுமையாகத் திரும்பியது.