டைலுக்கு அடியில் போகிற பணம்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது பழைய மலிவு விலை வீடு. தோட்டத்து லயத்தில் பொதுக் குழாயடியில் வாளியோடு வரிசை பிடித்து வளர்ந்தவர் என் மாமியார். வீட்டுக்குள்ளேயே குளியலறை என்பது அவருக்குப் பல வருடப் பெருமை. போன வருடம் அதே குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. ஆனால் குந்தி உட்காரும் கழிவறை இனி அவருக்கு ஆகாது. அப்படித்தான் குளியலறையை மாற்றிக் கட்டும் எங்கள் வேலை ஆரம்பித்தது.

முதலில் பணம். எங்களிடம் 14,000 வெள்ளி இருந்தது. பாதி சேமிப்பு, மீதி என் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கிலிருந்து. 2024 மே மாதம் வந்த மூன்றாவது கணக்கில் உள்ள பணத்தை, குறைந்தது 50 வெள்ளி என்று, எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். கூட்டுப் பணம், அதாவது மாதாமாதம் எல்லாரும் போட்டு ஒருவர் எடுக்கும் சீட்டு, பிடிக்கச் சொன்னவர்களும் உண்டு. 1971-லேயே சட்டம் போட்டுத் தடுத்த விஷயம் அது, நான் அந்தப் பக்கமே போகவில்லை. 14,000-த்தில் 2,000 வெள்ளியை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிட்டு, எங்களிடம் இருப்பது 12,000 என்று என் கணவரிடம்கூடச் சொல்லிவைத்தேன். அவர் கொன்டிராக்டரோடு தேநீர் குடிக்கும்போது உளறிவிடுவார்.

இந்த மாதிரி வீடுகளில் குளிக்க ஒன்று, கழிவறை ஒன்று என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன அறைகள் இருக்கும். நடுச்சுவரை எடுத்தால் 5-க்கு 7 அடியில் ஒரே அறை கிடைக்கும். ஆனால் அந்தச் சுவர் மேலே எதையாவது தாங்குகிறதா என்று விவரம் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள், ஊராட்சி மன்றத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். பின்பக்கம் இழுத்துக் கட்டுவதென்றால் அனுமதி கண்டிப்பாக வேண்டும்.

டைல் கணக்கை நீங்களே போடுங்கள். கடைக்காரர் சொல்வதற்கு முன்னால் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் அறையின் சுற்றளவு 24 அடி, சுவர் உயரம் 8 அடி. ஆக 192 சதுர அடி. கதவுக்கு 16 கழித்தால் 176. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 194. ஓரடிக்கு இரண்டடி டைல் எட்டு கொண்ட ஒரு பெட்டி ஏறக்குறைய பதினைந்தரை சதுர அடி மூடும். அதனால் 13 பெட்டி. தரைக்கு 35 சதுர அடி, சேதாரத்தோடு 39. ஈப்போவில் ஒரு கடையில் கண்ணை மூடிக்கொண்டு 20 பெட்டி என்றார்கள். தாளை நீட்டினேன், பேச்சு நின்றது. தரைக்குப் பளபளப்பு வேண்டாம், சொரசொரப்பாக எடுங்கள். ஒரு துண்டை வாங்கி வந்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, செருப்பில்லாமல் நின்று பாருங்கள்.

கொட்டேஷன் மூன்று வாங்கினோம். 6,200, 8,900, 13,000. முதல் ஆளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் ஆசை. உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். அதில் வாட்டர்ப்ரூஃபிங் (தண்ணீர் கசியாமல் டைலுக்கு அடியில் போடும் பூச்சு) இல்லை, இடித்த கல்மண்ணை லோரியில் ஏற்றும் கூலி இல்லை, வயரிங் இல்லை. அதையெல்லாம் சேர்த்தால் அவரும் 8,900-க்குப் பக்கத்தில்தான் வந்தார். எல்லாம் எழுதியிருந்தவரையே பிடித்தோம். டைல், கழிவறைப் பீடம், குழாய், ஹீட்டர் எங்கள் பொறுப்பு. அதற்கு 3,000 ஒதுக்கினோம்.

வாட்டர்ப்ரூஃபிங்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டைல் பிடிக்கவில்லை என்றால் பத்து வருடம் பொறுத்துக்கொள்ளலாம். அடியில் கசிந்தால் டைலையே உடைக்க வேண்டும். இரண்டு பூச்சு, ஒன்று காய்ந்தபின் அடுத்தது. தரையிலிருந்து சுவரில் ஓரடியாவது ஏற வேண்டும், ஷவர் பக்கம் ஆறடி. நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைத்துத் தண்ணீர் கட்டி, மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, 24 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால் கசிகிறது என்று அர்த்தம். எங்கள் கொன்டிராக்டர் "அக்கா, வேண்டாம், நான் பார்த்துச் செய்திருக்கிறேன்" என்றார். "சரி தம்பி, தண்ணீரும் பார்க்கட்டும்" என்றேன். டைல் ஒட்டும்போதும் ஒரு கோலியை உருட்டிப் பாருங்கள், ஓட்டைப் பக்கம் ஓட வேண்டும்.

என் முட்டாள்தனம் ஒன்று. இணையத்தில் மலிவு விற்பனை என்று கழிவறைப் பீடத்தை முன்கூட்டியே வாங்கினேன். சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடுப்பகுதி வரை எத்தனை அங்குலம் என்று அளக்கவில்லை. வந்தது பத்து அங்குலத்துக்கானது, எங்களுக்கு வேண்டியது எட்டு. மாற்றிக்கொள்ள 150 வெள்ளி கையைவிட்டுப் போனது.

ஹீட்டருக்குப் பழைய 13 ஆம்பியர் பிளக்கை நம்பாதீர்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தனி வயர், ஈரத் தரைக்கு நம் நாட்டு விதி கேட்கும் 10 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் தானாக வெட்டும் கருவி), எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன். பழைய வயர் ஹீட்டருக்குத் தாங்காது என்று வயர்மேன் சொன்னதில் கூடுதலாக 420 வெள்ளி. சுவரை உடைத்தபோது உள்ளே துருப்பிடித்த இரும்புக் குழாய் தலைகாட்டியது, அதற்கு 680. பீடம் மாற்றிய 150-ஐயும் சேர்த்து, ஒதுக்கி வைத்த 2,000-த்தில் இப்படி 1,250 கரைந்தது.

கைப்பிடிக் கம்பிக்கு இடத்தை டைல் ஒட்டும் முன்பே குறித்துவிடுங்கள். மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்து, எழும்போது கை தானாக எங்கே போகிறதோ அங்கே கோடு போட்டோம்.

சமையலறையும் சேர்த்துச் செய்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: நாம் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற ஆட்கள், கரையானுக்கும் பஞ்சமில்லை. கீழ் அலமாரி அலுமினியத்தில் இருக்கட்டும்.

எப்போது ஆரம்பிப்பது? தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் வேண்டாம். ஊரே சுவரைத் தட்டிக்கொண்டிருக்கும். சீனப் புத்தாண்டுக்குக் கடைகள் மூடும், நோன்புப் பெருநாளுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போவார்கள். நாங்கள் ஜூலையில் தொடங்கினோம். இருக்கிற ஒரே குளியலறையை உடைத்தால் குளிப்பது எங்கே என்பதும் திட்டத்தில் சேர்த்திதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே கேட்டு, அந்த மாதத் தண்ணீர்க் கட்டணத்தை நாங்களே கட்டினோம்.

கூலியை நான்காகப் பிரித்தோம். ஆரம்பத்தில் 20 விழுக்காடு, தண்ணீர்ச் சோதனை தேறியதும் 30, டைல் முடிந்ததும் 30. கடைசி 20 எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து. பத்தாவது நாள் கைகழுவும் தொட்டிக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மாலை ஆறு மணிக்குப் போன் போட்டேன். ஏழு மணிக்கெல்லாம் கொன்டிராக்டர் ஸ்பேனரோடு வாசலில் நின்றார்.