தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எங்கே தொடங்குவது

சிங்கப்பூரில், யீஷூனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி, செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு மூன்று பிள்ளைகள் உட்காருவார்கள். தொடக்கநிலை 2, 3 படிக்கிறவர்கள். மூன்று வீட்டிலும் ஆங்கிலப் புழக்கம்தான் அதிகம். "இவனுக்குத் தமிழ் வரவே மாட்டேங்குது டீச்சர்" என்று சொல்லித்தான் பெற்றோர் கொண்டுவந்து விட்டார்கள். நான் தொடக்கப்பள்ளியில் 27 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்த மேசையில் எனக்குப் பலன் தந்ததை, வீட்டில் தாங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நினைக்கும் அம்மா அப்பாவுக்காக எழுதுகிறேன்.

முதலில் சுவரில் ஒட்டியிருக்கும் 247 எழுத்து அட்டவணையைக் கழற்றி வையுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். ஒரு பையன் க, கா, கி, கீ என்று கௌ வரைக்கும் மூச்சு விடாமல் பாடுவான். ஒருநாள் நடுவில் இருந்த ‘கு’ மேல் விரலை வைத்து, "இது என்னப்பா?" என்றேன். அவன் உதடு அசைந்தது. க, கா, கி, கீ என்று முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டி, ஐந்தாவதில் நின்று, "கு" என்றான். அவனுக்குத் தெரிந்தது பாட்டு, எழுத்து தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடம் அவனுடையது என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே முதல் நாள் பாடம் நடத்தாதீர்கள். பத்து நிமிடம் பாருங்கள், போதும். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இருபது எழுத்துகளை வரிசை கலைத்துப் பெரிதாக எழுதுங்கள். ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். எதை என்னவாகச் சொன்னான் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ர’வையும் துணைக்காலையும் குழப்புகிறானா? புள்ளியைக் கவனிக்காமல் ‘ம்’மை ‘ம’ என்கிறானா? எகரமும் ஏகாரமும் ஒன்றாகவே தெரிகிறதா? ல, ள, ழ குழப்பத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலகையில் எழுதியதைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறான், கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறான் என்றால், எழுத்துக்கு முன்னால் பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று நாள் தாளே வேண்டாம். காதுக்குத்தான் வேலை. ‘பட்டம்’ என்று சொல்லி, பட், டம் என்று இரண்டு தட்டு தட்டச் சொல்லுங்கள். ‘கடல்’ என்ற சொல்லில் க-வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? சமைக்கும்போது கேட்கலாம், மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கேட்கலாம். வாசிப்பில் தடுமாறும் பல பிள்ளைகளுக்கு, சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்பதே கடினமாக இருக்கும். அது பழகாமல் எழுத்தைக் காட்டினால் அவனுக்கு அது வெறும் கோடு.

பிறகு எழுத்து. நான் தொடங்குவது ப, ட, ம என்ற மூன்றோடு. வளைவு குறைந்தவை, எழுதச் சுலபம். அதைவிட முக்கியமான காரணம், மூன்றையும் புள்ளியையும் வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் நாளே சொற்களை வாசித்துவிடலாம். ‘பட்டம்’ என்றால் என்னவென்று தெரியாவிட்டால், மரினா அணைக்கட்டுப் புல்தரையில் பறக்கிறதே, அது என்று சொல்லுங்கள். க, ல இரண்டையும் சேர்த்தால் கல், பல், கடல், பகல், பக்கம், கட்டம். துணைக்கால் வந்ததும் பால், கால், பாடம், மாமா, டப்பா, காகம். ஐந்து எழுத்து, ஒரு புள்ளி, ஒரு கால். பதினைந்து சொற்களுக்கு மேல் கையில். "எனக்கு வாசிக்க வரும்" என்ற எண்ணம் இந்தக் கட்டத்தில்தான் பிள்ளை முகத்தில் தெரியும்.

புள்ளியை நான் எப்போதும் சிவப்புப் பேனாவால்தான் வைப்பேன். ‘படம்’ என்பதை ‘ப-ட-ம’ என்று வாசிக்கும் பிள்ளையிடம், "சிவப்பு வந்தா வாயை மூடு" என்பேன். ம் சொல்லும்போது உதடு உண்மையிலேயே மூடிக்கொள்ளும், அவனே தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்தில் சிவப்பை விட்டுக் கறுப்புக்கு மாறுங்கள்.

பகல், காகம் என்று வந்ததுமே ஒரு கேள்வி வரும். "ஒரே எழுத்து, ஏன் டீச்சர் வேற சத்தம்?" ஆங்கிலத்தில் k, g என்று தனித்தனி எழுத்தாகப் பழகிய பிள்ளைக்கு இது நியாயமான சந்தேகம், தட்டிக்கழிக்காதீர்கள். சொல்லின் தொடக்கத்திலும் ‘க்’கை அடுத்தும் அழுத்தமாக வரும்: கடல், பக்கம். நடுவில் தனியாக வந்தால் மென்மையாகிவிடும்: பகல். ‘ங்’கை அடுத்தும் அப்படித்தான்: தங்கம். விதியாகச் சொல்லாமல் நான்கு சொல்லையும் அடுத்தடுத்துச் சொல்ல விடுங்கள், நாக்கே கண்டுபிடித்துவிடும்.

அதிகம் பேர் சறுக்குவது கொம்பில். ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துப் பழகிய பிள்ளை, கொம்பைப் பார்த்ததும் அது ஏதோ தனி எழுத்து என்று நின்றுவிடும். ‘கொ’ இன்னும் மோசம். இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு நிற்கும். நான் செய்வது இது: கனமான அட்டையில் க, ப, ம என்று தனித்தனியாக எழுதி நடுவில் வைப்பேன். கொம்பும் காலும் தனித் துண்டுகள். முதலில் ‘க’ என்று சொல்ல வைத்து, பிறகு கொம்பை அவன் கையாலேயே முன்னால் நகர்த்தி வைக்கச் சொல்லி, "இப்ப கெ" என்பேன். எடுத்தால் க, வைத்தால் கெ. இருபது முறை எடுத்து வைக்கட்டும். அலுக்காது. ஒற்றைக்கொம்பு நன்றாகப் படிந்து ஒரு வாரம் ஆகும்வரை இரட்டைக்கொம்பைக் கண்ணில் காட்டாதீர்கள். கெ, கே இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் இரண்டும் போகும்.

உகர வரிசைக்கும் ஒரு வழி இருக்கிறது. பதினெட்டும் பதினெட்டு விதம் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். உண்மையில் மூன்றே குடும்பம்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம், சு, பு, யு, வு, ஙு இன்னொன்று, மிச்சமுள்ள து, நு, லு, று, ணு, னு, ஞு மூன்றாவது. வாரத்துக்கு ஒரு குடும்பம். ஙு-வும் ஞு-வும் சொற்களில் வருவதே அரிது, அவற்றில் நேரம் செலவழிக்காதீர்கள்.

சொல் வந்த பிறகு வாக்கியம். பாடநூல் வாக்கியம் பல பிள்ளைகளுக்கு வேற்று மொழி மாதிரி இருக்கும். அதனால் பிள்ளை வாயிலிருந்து வருவதையே எழுதுகிறேன். போன மாதம் ஒருத்தி, "நேத்து பாட்டி வீட்ல ரொட்டி பிராட்டா சாப்ட்டேன்" என்றாள். அப்படியே எழுதி வாசிக்க வைத்தேன். மறுநாள் அதற்குக் கீழே ‘நேற்றுப் பாட்டி வீட்டில் ரொட்டி பிராட்டா சாப்பிட்டேன்’ என்று எழுதினேன். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தாள். பேசுகிற தமிழுக்கும் எழுதுகிற தமிழுக்கும் நடுவில் இருக்கும் தூரம் அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அதே பக்கத்தை மூன்று நாள் வாசிக்கட்டும். மூன்றாம் நாள் ஓட்டமாக வரும். திணறினால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பிறகு சொல்லைச் சொல்லிக்கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள், அவன் காதில் விழும் தூரத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

தமிழ் மட்டுமா, ஆங்கிலத்திலும் எழுத்து மனதில் நிற்கவில்லையா? அப்படியானால் பள்ளியில் பேசுங்கள், தள்ளிப்போடாதீர்கள். தொடக்கநிலை 1-இல் ஆங்கில வாசிப்புக்கு உதவி தேவைப்படும் பிள்ளைகளைச் சிறு குழுவாகத் தினமும் அரை மணி நேரம் தனியே அழைத்துச் சொல்லிக்கொடுக்கும் கற்றல் ஆதரவுத் திட்டம் இருக்கிறது. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம், பற்றி அறிய 1991-இல் தொடங்கிய சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது. டிஸ்லெக்சியா அறிவுக் குறைவும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. "தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்" என்று இரண்டு வருடம் மறைத்து வைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அந்த இரண்டு வருடமும் தன்னை மக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

வெளியே போகும்போது சிங்கப்பூரையே புத்தகமாக்கிக்கொள்ளலாம். கட்டுமானத் தளத் தடுப்பில் நான்கு மொழியில் இருக்கும் ‘அபாயம்’, ரயில் நிலையப் பெயர்ப் பலகைகள் எல்லாம் வாசிக்கக் கிடைக்கும். எனக்குப் பிடித்தது நாணயம். அதில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் இருக்கிறது. ங், க, ப், பூ, ர் என்று பிள்ளைகளைத் திணற வைக்கும் எழுத்தெல்லாம் ஒரே சொல்லில். பிராட்டாச் சிறுமி போன வியாழக்கிழமை ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தை விளக்கருகில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘சிங்... கப்... பூர்’ என்று வாசித்துவிட்டு அதை என் கையில் திணித்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை மேசையில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு இரட்டைக்கொம்பு. அட்டையை வெட்டி வைத்துவிட்டேன்.