பெரிய அரங்கம்: பெயர்ப்பலகை முதல் கடைசி வரிசை வரை

பெரிய அரங்கம் கட்டுகிறீர்களா? பெயரில் தொடங்குங்கள். ‘தியேட்டர்’ என்று எழுதினால் தமிழ்நாட்டில் சினிமாதான் நினைவுக்கு வரும். நாடகம், நடனம், கச்சேரி நடக்கும் இடத்துக்குக் ‘கலையரங்கம்’ பொருந்தும். கலையும் அரங்கமும் புணரும்போது யகரம் வரும், ‘கலைஅரங்கம்’ வேண்டாம். ‘அறங்கம்’ என்று வல்லின ‘ற’ போட்ட பலகை ஊருக்கே வேடிக்கையாகிவிடும். உலோக எழுத்துகளில் புள்ளியைத் தனியாக ஒட்டாமல் பின்தகட்டோடு திருகிப் பொருத்துங்கள். முதலில் கழன்று விழுவது அதுதான்.

நாடகமென்றால் மேடையிலிருந்து கடைசி இருக்கை 20 மீட்டருக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் முகபாவம் தெரியாது. ஆபரா (பாடியே நடிக்கும் மேற்கத்திய இசைநாடகம்) 30 மீட்டர் வரை தாங்கும். இருக்கை போதவில்லையா? பின்னால் நீட்டாதீர்கள், பால்கனி எழுப்புங்கள். ஆனால் பால்கனிக்குக் கீழுள்ள பகுதி ஆழமாகப் போனால் அங்கே ஒலி மங்கும்.

பலரும் சறுக்குவது இருக்கைத் தளத்தின் சரிவில்தான். பின்னிருப்பவரின் பார்வைக்கோடு முன்னிருப்பவரின் கண்மட்டத்துக்கு மேல் சுமார் 12 செ.மீ. உயரத்தில் போக வேண்டும். எல்லா வரிசைக்கும் ஒரே சரிவு வைத்தால் பின்னே போகப்போக இந்த இடைவெளி சுருங்கி, மேடை மறையும். எனவே படி உயரத்தைப் பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே போங்கள்.

எதிரொலிப்பு நேரம், அதாவது ஒலி நின்றபின் அது அரங்கில் தேய்ந்து அடங்க எடுக்கும் நேரம், பேச்சுக்கு ஏறக்குறைய 1 வினாடி, மேற்கத்திய இசைக்குழுவுக்கு 2 வினாடி. இரண்டும் ஒரே அரங்கில் நடக்குமென்றால் பக்கச்சுவர்களில் பேச்சுக்கு இழுத்து மூடவும் இசைக்கு விலக்கவும் கனத்த திரைகள் வையுங்கள். மெத்தை இருக்கைகள் போட்டால், ஆளில்லாத ஒத்திகையில் கேட்ட ஒலி கூட்டம் நிறைந்தபோதும் அதிகம் மாறாது.