தென்னாப்பிரிக்காவில் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் சேரப் போகிறீர்களா? வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

கையில் ஒரு டிகிரி இருக்கிறது, டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ பள்ளிக்கூட ஆசிரியராக வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்பவர்களில் சிலர் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். சிலர் வீட்டில் ஒருவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு முதலில் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் டிகிரிக்கு அப்புறம் படிப்பது பி.எட்., இங்கே அது வேறு. இங்கே பி.எட். என்றால் பள்ளி முடித்தவுடன் சேரும் நாலு வருடப் படிப்பு. ஏற்கெனவே டிகிரி வாங்கியவர்கள் அதற்கு மேல் ஒரு வருடம் முழுநேரமாகப் படிப்பதுதான் பி.ஜி.சி.இ. மொத்தம் 120 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம் என்று கணக்கு, ஆக 1200 மணி நேர உழைப்பு. இதில் 8 முதல் 12 வாரம் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்று ஆசிரியர் கல்விக்கான அரசுக் கொள்கை சொல்கிறது. என்னைக் கேட்டால் அந்த வாரங்கள்தான் படிப்பு, மற்றதெல்லாம் அதற்கான தயாரிப்பு. கீழே சொல்வதையும் அந்தக் கண்ணோடுதான் சொல்கிறேன்.

படி 1: பழைய மார்க் ஷீட்டை எடுங்கள்

எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உங்கள் டிகிரியில் எந்தப் பாடத்தை எத்தனை வருடம் படித்திருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் நீங்கள் எதைக் கற்பிக்கலாம் என்று முடிவு செய்வார்கள். உயர்நிலை வகுப்புகளுக்குப் பொதுவாக இரண்டு பாடம் கேட்பார்கள், ஒன்றைக் கடைசி வருடம் வரை படித்திருக்க வேண்டும், இன்னொன்று அதற்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் போதும். பி.காம். படித்தவருக்குக் கணக்கியலும் பிசினஸ் ஸ்டடீஸும் எளிதாகப் பொருந்தும், ஆனால் ஐ.டி.யில் வேலை பார்த்த இன்ஜினியருக்குக் கணிதம் பொருந்துமா என்பது அவர் டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்தால்தான் தெரியும். விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகத்தின் கல்வித் துறை அலுவலகத்துக்கு டிரான்ஸ்கிரிப்டை ஈமெயிலில் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் எந்த நிலை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கிரேடு ஆர் (ஒன்றாம் கிரேடுக்கு முந்தைய வருடம்) முதல் 3 வரை ஃபவுண்டேஷன் ஃபேஸ், 4–6 இன்டர்மீடியட், 7–9 சீனியர், 10–12 எஃப்.இ.டி. சீனியரையும் எஃப்.இ.டி.யையும் சேர்த்து எடுப்பதே பலருக்கு வசதி, வேலை தேடும்போது கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கும்.

தமிழ் கற்பிக்க ஆசைப்படுபவர்களுக்குத் தனியாக ஒன்று. 2014-ல் தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது ஐந்தையும் பள்ளிகளில் விருப்பப் பாடமாக, இரண்டாம் கூடுதல் மொழியாக எடுக்க வழி செய்தார்கள். நல்ல விஷயம். ஆனால் தமிழை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் இறங்காதீர்கள், தமிழ் எடுக்கும் பள்ளிகள் குறைவு. கூடவே ஆங்கிலமோ கணிதமோ வரலாறோ இருக்கட்டும்.

படி 2: காகிதங்கள்

இது சலிப்பூட்டும் வேலை, ஆனால் தாமதமானால் பள்ளிக்குள் விட மாட்டார்கள்.

வெளிநாட்டு டிகிரி என்றால் முதலில் சாக்வா மதிப்பீடு, அதாவது உங்கள் டிகிரி இங்கே எதற்குச் சமம் என்று நாட்டின் தகுதிகள் ஆணையம் சொல்வது. ஏற்கெனவே இந்திய பி.எட். வைத்திருப்பவர்கள் மதிப்பீடு வரும் வரை பி.ஜி.சி.இ.க்குப் பணம் கட்டாதீர்கள், அது தேவையே இல்லாமல் போகலாம். அடுத்து ஆசிரியர் கவுன்சில், இங்கே எல்லோரும் சேஸ் என்று சொல்வது. பயிற்சியில் இருக்கும்போதே தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும். 2019 முதல் பதிவுக்குப் போலீஸ் சான்றிதழ் கட்டாயம், அதற்குக் காவல் நிலையத்தில் கைரேகை கொடுத்தால் அது பிரிட்டோரியாவுக்குப் போய்த்தான் திரும்பும். குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்று காட்டச் சமூக மேம்பாட்டுத் துறையின் படிவம் 30-ஐயும் கேட்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிட்டுக் காத்திருங்கள், ஒன்று வந்த பிறகு அடுத்தது என்று போகாதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஃபுன்சா லுஷாகா உதவித்தொகை 2007 முதல் இருக்கிறது, கணிதம், அறிவியல் போன்ற தட்டுப்பாடுள்ள பாடங்களுக்கு முன்னுரிமை. வாங்கினால் எத்தனை வருடம் வாங்கினீர்களோ அத்தனை வருடம் அரசுப் பள்ளியில் வேலை செய்ய வேண்டும், அதுவும் அவர்கள் அனுப்பும் இடத்தில். வெளிநாட்டுக் குடியுரிமையில் இருப்பவர்கள் இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

படி 3: எங்கே படிப்பது

டர்பன்காரர்களுக்கு குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் எட்ஜ்வுட் வளாகம், பைன்டவுனில் இருக்கிறது. வேலையோ கைக்குழந்தையோ இருந்தால் யுனிசா, தொலைதூரக் கல்வி. தொலைதூரம் என்றாலும் பள்ளி வாரங்களைத் தவிர்க்க முடியாது, அந்த நாட்களில் வேலைக்கு லீவு போட்டே ஆக வேண்டும், இதைப் பலர் சேர்ந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

பயிற்சிக்கான பள்ளியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் நீங்கள் படித்த பள்ளிக்கே போகாதீர்கள். அங்கே உங்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் எதையுமே பார்க்க மாட்டீர்கள். இங்கே அரசுப் பள்ளிகளை ஐந்து பிரிவாக வைத்திருக்கிறார்கள், முதல் மூன்று பிரிவில் கட்டணம் கிடையாது. முடிந்தால் ஒரு தடவை கட்டணமில்லாப் பள்ளி, ஒரு தடவை கட்டணம் வாங்கும் பள்ளி என்று பிரித்துப் போங்கள். புரொஜெக்டர் இருக்கும் வகுப்பில் மட்டும் பழகியவருக்கு, கரும்பலகையும் சாக்பீஸும் மட்டும் இருக்கும் வகுப்பில் கை ஓடாது. மின்வெட்டு நாளில் எல்லாப் பள்ளியும் அந்தப் பள்ளிதான்.

படி 4: கேப்ஸை டவுன்லோட் செய்யுங்கள்

நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் ஒரே பாடத்திட்டம், பெயர் கேப்ஸ், 2012-ல் இருந்து படிப்படியாக வந்தது. அரசின் கல்வித் துறை இணையதளத்தில் இலவசம். எந்த வாரம் எந்தத் தலைப்பு, எத்தனை மணி நேரம், எத்தனை தேர்வு என்று எல்லாம் அதில் இருக்கிறது. உதாரணமாக 10 முதல் 12 வரை கணிதத்துக்கு வாரம் நாலரை மணி நேரம். அந்த வகுப்புகளில் மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதம் பள்ளியிலேயே வைக்கும் மதிப்பீடு, மீதி 75 வருடக் கடைசித் தேர்வு.

தமிழ்நாட்டில் கணிதம் படித்து வந்தவர்கள் இங்கே எழுதும் முறையை முதலில் பழக வேண்டும். தசமத்துக்குப் புள்ளி கிடையாது, கமா: மூன்றரையை 3,5 என்று எழுதுவார்கள். ஆயிரத்துக்குக் கமா கிடையாது, இடைவெளி: 12 000. போர்டில் நீங்கள் 12,000 என்று எழுதினால் பிள்ளைகள் அதைப் பன்னிரண்டு என்று படிப்பார்கள், தப்பு அவர்கள் மேல் இல்லை. வடிவியலில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுத வேண்டும், எந்தச் சொற்களில் எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள் என்று தேர்வு வழிகாட்டியில் பட்டியலே இருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் கிரேடிலிருந்து கணிதம் வேண்டாம் என்பவர்கள் மேத்ஸ் லிட்டரசி எடுப்பார்கள். அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள், உங்களுக்கு முதலில் கிடைக்கும் வகுப்பு அதுவாகவே இருக்கலாம்.

படி 5: முதல் வாரம், பெயர்கள்

முதல் வாரம் பெரும்பாலும் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதுதான். சும்மா உட்காராமல் வருகைப்பதிவேட்டை வாங்கிப் பெயர்களைப் படியுங்கள். சாட்ஸ்வொர்த் பள்ளியாக இருந்தாலும் வகுப்பில் நாயுடு, கோவெண்டர், பிள்ளை என்ற குடும்பப் பெயர்கள் மட்டும் இருக்கும் காலம் போய்விட்டது. இசிசுலு (சுலு மொழி) பேசும் பிள்ளைகள் நிறைய, அவர்கள் பெயர்களில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் சொடுக்கொலிகள் வரும். நம் ஆட்கள் பயந்து அந்தப் பெயர்களை விழுங்கிவிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

உண்மையில் அந்த ஒலிகள் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. சிசேலோ என்ற பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் நடுவில் ‘சி’ என்ற எழுத்து வரும், அந்த இடத்தில் நாம் அடடா என்று உச்சுக் கொட்டும் அதே ஒலி. கோலானி என்று தமிழில் எழுதிவிடுகிறோமே, அதன் முதல் எழுத்து ‘எக்ஸ்’, வண்டிமாட்டை விரட்டும்போது கடைவாயில் எழுப்பும் ஒலி. ‘க்யூ’ வந்தால் நாக்கை மேல்வாயில் ஒட்டிப் பட்டென்று எடுக்க வேண்டும். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகுங்கள், அப்புறம் அந்தப் பிள்ளையிடமே ‘சரியாகச் சொன்னேனா?’ என்று கேளுங்கள். வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும்.

கூடவே நாலு வார்த்தை: எல்லோருக்கும் வணக்கம் சொல்ல சனிபோனானி, நன்றிக்கு ங்கியாபோங்கா, அமைதியாக இருங்கள் என்பதற்குத் துலானி, உட்காருங்கள் என்பதற்கு ஹ்லலானி பன்சி. இது மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை, புதிய ஆசிரியருக்கு இன்னொரு ஆட்சிமொழியில் ஓரளவாவது பேச வர வேண்டும் என்பது கொள்கையிலேயே இருக்கிறது.

வகுப்பைக் கவனிக்கும்போது ஆசிரியர் என்ன கற்பிக்கிறார் என்பதை விட முதல் ஐந்து நிமிடம் என்ன செய்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துகிறாரா, உள்ளே வரும்போதே போர்டில் ஒரு கணக்கு இருக்கிறதா, பை எங்கே போகிறது, புத்தகம் கொண்டுவராத பிள்ளையை என்ன செய்கிறார். உங்கள் வகுப்பு வரும்போது இதே வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். உங்கள் சொந்தப் பாணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

படி 6: பாடக்குறிப்பு

பல்கலைக்கழகம் கொடுக்கும் பாடக்குறிப்புப் படிவம் நீளமாக இருக்கும், அதை நிரப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் கையில் வைத்துக்கொள்ள அரைப் பக்கத்தில் இன்னொன்று எழுதுங்கள். அதில் மூன்றே விஷயம்: மணி அடிக்கும்போது பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் தப்புப் பண்ணுவார்கள், அப்போது நான் என்ன கேட்பேன்.

உதாரணத்துக்கு எட்டாம் கிரேடு, பின்னங்களைக் கூட்டுவது, நாற்பது நிமிட வகுப்பு. 1/2 + 1/3 எழுதிப் போடுங்கள். பலர் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி 2/5 என்பார்கள். உடனே தப்பு என்று சொல்லிக் கீழே இருக்கும் பகுதி எண்களை ஒன்றாக்கும் முறைக்குப் போனால் பிள்ளைகள் அதைக் காப்பி பண்ணிக்கொள்வார்கள், அடுத்த வாரம் மறுபடியும் 2/5 வரும். அதற்குப் பதில் ‘2/5 பெரிசா, 1/2 பெரிசா?’ என்று கேளுங்கள். தசமமாக மாற்றச் சொல்லுங்கள், ஒன்று 0,4 இன்னொன்று 0,5. ‘அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், எப்படி அரையை விடக் குறைந்தது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு இந்த மௌனம்தான் கஷ்டம், மூன்று விநாடி தாங்காமல் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். பத்து விநாடி நில்லுங்கள், யாராவது ஒருவர் கை தூக்குவார். அதற்கு அப்புறம் ஆறில் மூன்று, ஆறில் இரண்டு என்று பட்டை வரைந்து காட்டினால் பகுதி எண் ஏன் ஒன்றாக வேண்டும் என்பது புரிந்துவிடும். இவ்வளவுக்குப் பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடம் அவர்களே கணக்குப் போடட்டும், நீங்கள் வரிசை வரிசையாக நடந்து நோட்டைப் பாருங்கள், மேசைக்குப் போய் உட்காராதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒரே ஒரு கணக்கு, துண்டுச் சீட்டில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்தச் சீட்டுகள்தான் நாளைய பாடக்குறிப்பு. மீதி ஐந்து நிமிடம் எங்கே என்று கேட்கிறீர்களா? பிள்ளைகள் வந்து உட்காரப் போயிருக்கும்.

படி 7: கிரிட்

விரிவுரையாளர் வந்து பின்னால் உட்கார்ந்து உங்கள் பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவதை இங்கே கிரிட் என்பார்கள். அதற்கென்று வண்ணப் படங்களும் குழு விளையாட்டும் தயார் செய்து புது ஆளாக மாறுபவர்கள் உண்டு, பிள்ளைகளே ‘சார் இன்னைக்கு ஏன் இப்படி?’ என்று பார்ப்பார்கள். வழக்கமான பாடத்தையே எடுங்கள். முடிந்ததும் நீங்களாகவே எது ஓடவில்லை என்று சொல்லுங்கள், மதிப்பீட்டுப் படிவத்தில் பெரும்பாலும் அதற்கும் இடம் இருக்கும்.

படி 8: கோட்டைத் தாண்டாதீர்கள்

அடிப்பது குற்றம். 1996-ம் வருடப் பள்ளிச் சட்டம், பிரிவு 10. ‘எங்க காலத்தில எல்லாம்’ என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது ஆரம்பித்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஒரு பிள்ளை அடி வாங்குகிறது, வேறு விதமாகத் துன்புறுத்தப்படுகிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் அதைத் தெரிவிப்பது ஆசிரியரின் சட்டக் கடமை, படிவம் 22 அதற்குத்தான். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் அன்றைக்கே போங்கள். மாணவர்களோடு தனிப்பட்ட வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம், பரீட்சை சந்தேகமாக இருந்தாலும் சரி.

இன்னொரு சின்ன விஷயம், ரிலீஃப். ஆசிரியர் வராத வகுப்புக்கு அனுப்புவார்கள். பயிற்சியாளர் என்றால் கொஞ்சம் அதிகமாகவே அனுப்புவார்கள். முதலில் சரி என்று போங்கள், ஆனால் உங்கள் சொந்தப் பாடம் அடிபடும் அளவுக்குப் போனால் வழிகாட்டி ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். எந்த வகுப்புக்கும் பொருந்தும் ஒரு பக்க வேலை பையில் எப்போதும் இருக்கட்டும்.

படி 9: முடித்த பிறகு

ரிசல்ட் வந்ததும் சேஸ் தற்காலிகப் பதிவை முழுப் பதிவாக மாற்றுங்கள். அரசு வேலைக்கு இசட் 83 என்ற படிவம், அதைப் பழைய பதிப்பில் நிரப்பி அனுப்பி நிராகரிக்கப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாகாணக் கல்வித் துறை சம்பளம் கொடுக்கும் இடம் ஒன்று, பள்ளி நிர்வாகக் குழு தன் பணத்தில் வைக்கும் இடம் இன்னொன்று. இரண்டாவதற்குப் பள்ளியிலேயே நேராக விண்ணப்பிக்கலாம், பல பேருக்கு முதல் வேலை அப்படித்தான் வருகிறது. பயிற்சி முடித்துக் கிளம்பும் நாளில் தலைமையாசிரியரிடமிருந்து கடிதத்தாளில் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், டிசம்பரில் போய்க் கேட்டால் பள்ளி பூட்டியிருக்கும்.